மூன்றும் புதுசு, நாலாவது கமோங்கோ

என் தங்கை அவினோவுக்கு எதையும் அளந்து பார்க்காமல் நம்ப வராது. அது எங்கள் குடும்ப வியாதி. நான் ஏரிக்கரையில் இருக்கிற சிண்டோ படகுத்துறையில் மீன் எடை போடுகிறவன். தராசு முள் நிற்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான நான்காம் பாரம் முடித்து, நல்ல மதிப்பெண் வாங்கி, கல்லூரிக்கு விண்ணப்பமும் போட்டாள். பக்கத்து ஊர்க் கடைக்காரன் ஒருவன் அதைக் கடைசித் தேதிக்கு மறுநாள் அனுப்பி வைத்தான். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அவள் கிசுமு நகரத்துக்குப் போய், சைபர் என்று சொல்கிற இன்டர்நெட் கடை ஒன்றில் மூன்று வருடம் தட்டச்சு வேலை பார்த்தாள். அந்தக் கடையை மூடியபோது அங்கிருந்த நான்கு கம்ப்யூட்டர்களையும் வாங்கி, மீன் லாரியில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே வைத்து, தானும் அதிலேயே உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தாள். முதல் ஒரு மாதம் அவளிடம் எடுத்த நகல்களில் லேசாக மீன் வாசம் அடித்தது. எங்கள் ஊரில் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

கிசுமுவில் அவளுக்கு ஒரு தொல்லை இருந்ததாம். எந்த பிரவுசர் வேகமானது என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் ஒவ்வொன்றைச் சொல்வான். ஒருவனாவது அளந்து பார்த்துச் சொன்னதில்லை. அதனால் சொந்தக் கடை போட்டதும் ஒரு மிஷினுக்கு ஒரு பிரவுசர் என்று வைத்தாள். ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருக்கும் நிறுத்துக் கடிகாரம் ஒன்று வாங்கினாள். ஒரே பக்கத்தை, ஒரே நேரத்தில், மூன்று முறை திறந்து பார்ப்பாள். சனிக்கிழமை காலையில் கடிகாரத்தை அமுக்குவது என் வேலை. அவள் கையே அமுக்கினால் ஆசை குறுக்கே வந்துவிடும் என்பாள். வேகத்துக்குப் பாயின்ட், எத்தனை பக்கம் ஒன்றாகத் திறந்தால் மூச்சு வாங்குகிறது என்பதற்குப் பாயின்ட், சொன்னபடி பிரின்ட் எடுத்தால் பாயின்ட், கரண்டு போய்த் திரும்பி வந்ததும் விட்ட இடத்தை நினைவில் வைத்திருந்தால் இரண்டு பாயின்ட். எல்லாவற்றையும் கூட்டிச் சுவரில் எழுதி ஒட்டுவாள்.

சுவரில் பட்டியல் ஒட்டினால் எங்கள் ஊரில் அது கால்பந்து லீக் ஆகிவிடும். அடையாள அட்டைக்கு நகல் எடுக்க வந்தவர்கள் எல்லாம் கட்சி சேர்ந்தார்கள். பிரவுசர்களின் நிஜப் பெயர்கள் யார் வாயிலும் நுழையாததால் அவினோ அவற்றுக்கு மீன் பெயர் வைத்து, பலகை எழுதுகிற ஆளைக் கொண்டு ஒவ்வொரு மிஷினுக்கு மேலும் அந்தந்த மீனை வரையச் செய்தாள்.

முதல் மிஷின் ம்புட்டா. ஏரியில் இருந்த மற்ற மீன்களையெல்லாம் தின்று கொழுத்த மீன் அது. அந்த பிரவுசரும் மிஷினில் இருக்கிற இடத்தையெல்லாம் தின்றுவிடும். ஆனால் கிளம்பிவிட்டால் பிடிக்க முடியாது. இரண்டாவது ங்கேகே, விருந்தாளி வந்தால் முழுசாகப் பொரித்து வைக்கிற மீன். பார்க்க லட்சணமானது, யாரையும் நோகடிக்காது. மூன்றாவது ஒமேனா. விரல் நீளம்கூட இல்லாமல் கரையெல்லாம் கொட்டிக் காயப்போடுகிறோமே, அது. படங்களை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் இழுத்து வரும். சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் போதும்.

நாலாவது கமோங்கோ. தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்துகொண்டு மழை வரும்வரை உயிரோடு கிடக்குமே, அந்த மீன். அந்த மிஷின் மிகப் பழசு. அதனுடனேயே வந்த பிரவுசர் ஆறு வருடத்துக்கு முந்தியது. அப்டேட் போட அதில் இடமில்லை. லீக்கில் அது எப்போதும் கடைசி.

ம்புட்டா கட்சிக்குத் தலைவர் முடிவெட்டுகிற ஒகல்லோ. திங்கட்கிழமை தோறும் கத்தரிக்கோலோடு வந்து நிற்பார்.

"என்னம்மா, நம்ம ஆளுக்கு ரெண்டு பாயின்ட் குறைச்சிட்டியாமே?"

"எட்டு பக்கம் திறந்ததும் தொங்கிப்போகுது மாமா. நான் என்ன பண்ண?"

"இது நடுவரோட சதி."

"நடுவர் எங்க அண்ணன். அவர்கிட்ட போய்ச் சண்டை போடுங்க."

"உங்க அண்ணன்கிட்டயா? அவர் மீனுக்குக் கண்ணு ரெண்டுன்னு எண்ணிப் பார்த்து எழுதி வைக்கிற மனுஷன். அவர்கிட்ட பேசுறதுக்குப் பதிலா நான் கட்சி மாறிடுவேன்."

மாறவில்லை. அவருடைய மச்சான் ஒமேனா கட்சி என்பதால் மாறவும் முடியாது.

அப்டேட் விஷயத்தில் அவினோவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒன்றுக்கு மட்டும் போடமாட்டாள். ஒருவன் புது பூட்ஸோடும் இன்னொருவன் வெறுங்காலோடும் ஓடினால் அது பந்தயமா என்பாள். மூன்றுக்கும் வந்து சேரும்வரை காத்திருந்து, ஒரே திங்கட்கிழமை காலையில் மூன்றையும் புதுப்பிப்பாள். அந்த வருடம் மே மாதத்திலும் அப்படித்தான் செய்தாள். ம்புட்டா நாலு விநாடி மிச்சம் பிடித்தது. ஒகல்லோ கடையில் அன்று வந்தவர்களுக்கெல்லாம் தாடி இலவசம்.

மறுநாள் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை மேடம் ஒபியேரோ கடைக்கு வந்தார். நான்காம் பாரம் முடித்த அறுபத்துமூன்று பெண்களின் கல்லூரி விண்ணப்பங்களை அனுப்பவேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி.

"செல்போன்ல முயற்சி பண்ணிப் பார்த்துட்டோம்," என்றார் மேடம். "பக்கம் அகலமா இருக்கு. 'அடுத்து' பட்டன் திரைக்கு வெளியே போய் விழுந்துடுது. நீ முடிச்சுக் குடுப்பியா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, நான் பஸ் பிடிச்சு ஹோமா பே டவுனுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவினோ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ஒண்ணுகூட விட்டுப்போகாது மேடம். என் பொறுப்பு."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். மேடத்துக்குத் தெரியாது.

புதன்கிழமை காலை பெண்கள் வந்தார்கள். ம்புட்டாவில் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தோம். வெள்ளைத்தாள் மாதிரி வந்து நின்றது. ங்கேகே, இந்தப் பக்கம் பாதுகாப்பானதல்ல, திறக்கமாட்டேன் என்று மரியாதையாக எழுதிக் காட்டியது. ஒமேனா தலைப்பை மட்டும் திறந்துவிட்டுக் கீழே ஒன்றுமே காட்டவில்லை. விண்ணப்பப் பக்கத்தை எழுதியவர்கள் பழைய முறையில் எழுதி அப்படியே விட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை புதுசு போட்டுக்கொண்ட மூன்றுக்கும் அது ஆகவில்லை. ஒன்றையாவது பழசாக விட்டிருக்கலாம். நியாயம் பார்த்ததில் மூன்றும் ஒன்றாகப் போய்விட்டன.

"பழசையே திரும்பப் போடேன்," என்றேன்.

அவள் ங்கேகேயின் பழைய வடிவத்தை இறக்க ஆரம்பித்தாள். சிக்னல் வந்து வந்து போனது. பெண்கள் உட்கார்ந்து பார்த்து, எண்ணெயில் பொரித்த மண்டாசி தின்று, மறுபடி பார்த்து, வீட்டுக்குப் போனார்கள். மாலை நாலரைக்குப் பழசு வந்து உட்கார்ந்தது. நான் கைதட்டினேன். நாலு ஐம்பதுக்கு அது யாரையும் கேட்காமல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது.

அவினோ அந்த மிஷினை அணைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு நாலாவது மிஷினுக்குப் போனாள். கமோங்கோ மூன்று நிமிடம் உறுமியது. பிறகு பக்கம் திறந்தது. எல்லாக் கட்டங்களும் இருந்தன. 'அடுத்து' பட்டன் அதன் இடத்தில் இருந்தது.

வியாழன் காலை எட்டு மணிக்கு அறுபத்துமூன்று பெண்களும் வந்தார்கள். விண்ணப்பத்தில் பெற்றோரின் அடையாள அட்டை எண் கேட்டிருந்ததால் தாய்மார்களும் வந்தார்கள். கடை கொள்ளாமல் தெருவில் நின்றார்கள். அவினோ நாலாவது மிஷின் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "முதல்ல யாரு?" என்றாள்.

யாரும் அசையவில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கமோங்கோ தின்பதில்லை. இப்போது சிலர் தின்கிறார்கள் என்று கேள்வி, நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டால் பாம்பு மாதிரி நெளிகிறது என்பாள் ஒருத்தி. எதற்கு வீண் வம்பு என்பாள் இன்னொருத்தி. பரீட்சை, பிரசவம், கல்லூரி இந்த மூன்றிலும் எங்கள் பெண்கள் எதையும் சோதித்துப் பார்க்கமாட்டார்கள்.

முன்னால் நின்ற பெண்ணின் பெயர் குவின்டர். அவள் காலெடுத்து வைத்தாள். அவளுடைய அம்மா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்த மிஷின்ல வேண்டாம்."

"ஏன் அத்தை?" என்றாள் அவினோ.

"ஏனா? போன வருஷம் ஒரு பொண்ணு இதுல உட்கார்ந்து நர்ஸ் படிப்பு கேட்டா. என்ன கிடைச்சுது? மண் ஆராய்ச்சி. சேத்து மீன்கிட்ட கேட்டா சேறுதான் கிடைக்கும்."

"அவளுக்கு மார்க்கு பத்தலை அத்தை!"

"மார்க்கு மேல பழி போடாதே."

அவினோ ஸ்டூலில் ஏறி, சுவரிலிருந்த கமோங்கோ படத்தின் மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினாள். "இனிமே இதுக்கு அந்தப் பேர் இல்ல. வெறும் நாலாம் நம்பர். போதுமா?"

"வால் தெரியுது," என்றது ஒரு குரல். தாள் சின்னது, மீன் நீளம்.

"தாள் ஒட்டினா மட்டும் உள்ள இருக்கிறது ஓடிப்போயிடுமா?" என்றாள் குவின்டரின் அம்மா. "ஏம்மா, ஊர்ல வேற மீனே இல்லையா? இந்தப் பேரை யாரு வைக்கச் சொன்னா உன்னை?"

அவினோ ஸ்டூலிலிருந்து இறங்கினாள். பெயர் வைத்தவள் அவள்தானே.

மேடம் ஒபியேரோ விஞ்ஞானப் பாடம் எடுக்கிறவர். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். "இதோ பாருங்க, இது மூடநம்பிக்கை. கம்ப்யூட்டருக்கும் மீனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

"அப்படியா மேடம்? நீங்க கமோங்கோ தின்னிருக்கீங்களா?"

"அதைப் பத்தி இப்ப பேச்சு இல்ல."

தெருவே சிரித்தது. மேடம் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மணி ஒன்பதே கால். ஒரு விண்ணப்பத்துக்கு அந்த மிஷினில் பத்து நிமிடம் ஆகும். நான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன்; அறுநூற்று முப்பது நிமிடம், பத்தரை மணி நேரம். ஹோமா பேயிலும் எல்லாக் கடைகளிலும் புது பிரவுசர்தான் என்று அவினோ போன் போட்டு விசாரித்துவிட்டாள். அவள் முகம் போன போக்கை நான் ஒரே ஒரு முறை முன்பு பார்த்திருக்கிறேன்.

"அத்தை," என்றாள் அவினோ. குரல் தணிந்திருந்தது. "என்ன பண்ணினா உங்க மகளை உட்கார வைப்பீங்க? சொல்லுங்க. பண்றேன்."

குவின்டரின் அம்மா மற்ற தாய்மார்களைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் ஒரு பொண்ணுதானே? அதனால ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றே இல்ல? எங்க கண்ணு முன்னாடி நீ தின்னு. உனக்கு ஒண்ணும் ஆகலைன்னா எங்க பிள்ளைங்களும் தொடட்டும்."

கொல்லென்று சிரிப்பு. அவினோ சிரிக்கவில்லை. என்னை வாசல் ஓரமாக இழுத்துப் போனாள்.

"அண்ணா, அது எப்படி இருக்கும்?"

"கோழி மாதிரி."

"பொய் சொல்லாதே."

"கோழி சேத்துக்குள்ள வளர்ந்தா எப்படி இருக்கும், அப்படி."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "போய் வாங்கிட்டு வா. சின்னத் துண்டா பார்த்து."

துறைக்குப் பக்கத்தில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து கமோங்கோ தின்கிற கொட்டகை ஒன்று இருக்கிறது. அன்று பிடித்த மீன் பதினொரு மணிக்குத்தான் வந்தது. வெட்டி, வேகவைத்து, பொரிக்கவேண்டும். அவசரப்படுத்தினால் நன்றாக இருக்காது என்றான் பொரிக்கிறவன். பொரித்த துண்டைத் தாளில் சுற்றும்போது, "யாருக்குப் பார்சல்?" என்று கேட்டான்.

"என் தங்கச்சிக்கு."

அவன் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு என்னோடு கிளம்பினான். தின்றுகொண்டிருந்தவர்களும் தட்டோடு எழுந்தார்கள். வழியில் ஒகல்லோ, பாதி வெட்டிய தலை ஒன்றையும் கூட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார். நான் கடைக்கு வந்து சேர்ந்தபோது என் பின்னால் ஒரு கல்யாணத்துக்கான கூட்டம் இருந்தது.

அவினோ கைகழுவிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். துண்டை நான் முன்பே எடை போட்டிருந்தேன், நூற்று எண்பது கிராம். அவள் உகாலிக் களியை உருட்டி, மீனைப் பிய்த்து வைத்து, வாயில் போட்டாள். ஒகல்லோ நேர்முக வர்ணனை ஆரம்பித்தார்.

"வாய்க்குள்ள போயிடுச்சு. மெல்லுறா. இடது பக்கம். இப்ப வலது பக்கம்..."

"மாமா, வாயை மூடுறீங்களா?" என்றாள் அவினோ, நிறைந்த வாயோடு.

முதல் வாய் விழுங்கியதும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது, மூன்றாவது. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல், முள்ளை ஓரமாக வரிசையாக அடுக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அறுபத்துமூன்று பெண்களும் அவளுக்கு எங்கேயாவது வால் முளைக்கிறதா என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்றாள் குவின்டரின் அம்மா.

"உப்பு கம்மி."

"நாக்கை நீட்டு."

நீட்டினாள். குவின்டரின் அம்மா குனிந்து பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். என்ன தேடினாள் என்று அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அவள் நிமிர்வதற்குள் குவின்டர் உள்ளே போய் நாலாவது மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

மணி சரியாக ஒன்று. மேடம் ஒபியேரோ பொரிக்கிறவனைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டதையும், அவன் சின்னப் பொட்டலம் ஒன்றை அவர் கைப்பையில் வைத்ததையும் நான் பார்த்தேன். விஞ்ஞான ஆராய்ச்சிக்காக இருக்கலாம்.

கமோங்கோவுக்கு அவசரம் என்பது தெரியாது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததுக்குப் போக அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அடுத்த பெண் தன் மூன்று விருப்பங்களை இரண்டு முறை மாற்றிக்கொண்டாள். ஆனால் அது ஒரு முறையும் மறுக்கவில்லை. ஆறு மணிக்குள் முப்பது விண்ணப்பங்கள் போயின. பழைய மிஷினை அதற்கு மேல் ஓட்டினால் சூடாகிவிடும் என்று அவினோ கையை வைத்துப் பார்த்துச் சொல்லி நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு மறுபடி ஆரம்பித்தோம். பத்தே காலுக்குக் கரண்டு போனது. நாற்பத்து நாலாவது பெண் கடைசிக் கட்டத்தில் இருந்தாள். எல்லோரும் குவின்டரின் அம்மாவைப் பார்த்தார்கள். தன் மகளின் வேலை முடிந்த பிறகும் அவள் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்னை ஏன் பார்க்கிறீங்க?" என்றாள். "இது கரண்டு ஆபீஸ். மீன் இல்ல."

ஒன்று ஐந்துக்குக் கரண்டு வந்தது. கமோங்கோ எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை. அந்தப் பெண் முதலிலிருந்து அடித்தாள். அதன் பிறகு யாரும் கழிப்பறைக்குக்கூடப் போகவில்லை. நான் துறைக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டுக் கடிகாரத்தோடு நின்றேன். அவினோ எழுத்துப்பிழை பார்ப்பாள், பெண்ணின் பெயரைப் பட்டியலோடு ஒப்பிடுவாள், 'அனுப்பு' அமுக்குவாள், ரசீதை அச்செடுத்து மேடத்திடம் கொடுப்பாள், அடுத்தவளைக் கூப்பிடுவாள். நாலு முப்பத்தெட்டுக்குக் கடைசி விண்ணப்பம் போனது.

மேடம் ரசீதுகளை எண்ணினார். அறுபத்திரண்டு.

மறுபடி எண்ணினார். நான் வாங்கி எண்ணினேன். அறுபத்திரண்டுதான். மணி நாலு நாற்பத்து நாலு. பெயர்ப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக டிக் போட்டோம். குவின்டருடையதைக் காணோம்.

"அவதானே முதல்ல உட்கார்ந்தா!" என்றாள் அவினோ. "நான்தானே அனுப்பினேன்! அச்சடிச்சேனே, என் கண்ணால பார்த்தேனே!"

"எதைத் தேடுறீங்க?" என்றாள் வாசலில் இருந்த குவின்டரின் அம்மா. இடுப்புத்துணியின் முடிச்சை அவிழ்த்து, எட்டாக மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "இதையா? இதை நேத்தே நான் எடுத்துக்கிட்டேன். என் பொண்ணோடது. யாருக்கும் குடுக்கமாட்டேன்."

அவினோ நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். மேடம் கெஞ்சிக் கேட்டு அதை வாங்கி நகல் எடுக்கவைத்தார். எண் சரியாக இருந்தது, அறுபத்துமூன்று. நகல் வெளியே வரும்வரை குவின்டரின் அம்மா மூலத்தாளின் ஒரு நுனியை விடாமல் பிடித்திருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"ஏம்பா, நீ எடை போடுறவன், ஒழுங்கா வாசிப்பே. என்ன எழுதியிருக்குன்னு சொல்லு."

"முதல் விருப்பம், நர்ஸ் படிப்பு."

"அது நான் சொன்னது. மேல வாசி."

"இரண்டாவது விருப்பம், கம்ப்யூட்டர்."

அவள் மகளைத் தேடிக் கண்டுபிடித்தாள். "கம்ப்யூட்டரை யாருடி கேட்டா?"

"நான்தாம்மா," என்றாள் குவின்டர், அவினோவின் நாற்காலிக்குப் பின்னாலிருந்து.

குவின்டரின் அம்மா அவினோவைத் தலை முதல் கால் வரை ஒரு முறை பார்த்தாள்.

"நர்ஸுக்கே கிடைக்கட்டும்," என்றாள். "அந்த வேலையில விண்ணப்பம் அனுப்புறதுக்கு மீனைத் தின்னுக் காட்ட வேண்டியதில்லை."